சியோலில் போக்கியத்துக்கு ஓர் அறை

ரசூலின் அம்மா ஃபகருன்னிசாவிடம் கொஞ்சம் பணம் இருந்தது. இருந்தது என்று சொல்லலாமா என்பதில் எனக்கு இன்றும் தெளிவில்லை. அது அவருடைய பணம்தான். ஆனால் அவர் கையில் ஒரு பகலுக்கு மேல் அது தங்கியதே இல்லை.

அவர் கணவர் ஃபக்ருதீன் குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலை ஓரமாக லாரிக்காரர்களுக்கு டீக்கடை வைத்திருந்தவர். எழுபதுகளின் கடைசியில் அந்தக் கடையை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு மத்திகிரிக்கு வந்தார். ஓசூரில் சிப்காட் வந்து, தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்த நேரம். கடை விற்ற பணத்தை ஒரு வீட்டுக்காரரிடம் மொத்தமாகக் கொடுத்து, வீட்டைப் போக்கியத்துக்கு எடுத்தார்.

போக்கியம் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு. ஒரு பெரிய தொகையைக் கொடுத்துவிட்டால் மூன்று வருடத்துக்கு வாடகை கிடையாது. யுகாதியில் தொடங்கி யுகாதியில் முடியும். காலி செய்கிற நாளில் கொடுத்த தொகை ஒரு ரூபாய் குறையாமல் திரும்பி வரும். அதுவரை வீட்டை இவர் அனுபவிப்பார், பணத்தை அவர் அனுபவிப்பார். போகம் என்ற சொல்லிலிருந்து வந்த வார்த்தை என்பதால் இதில் யாரும் யாருக்கும் கடன்பட்டவர்போல நடந்துகொள்வதில்லை. கன்னடம் பேசுகிறவர்கள் இதையே போக்யா என்பார்கள்.

வீடு மாறுகிற நாளில் மட்டும்தான் ரசூல் அந்தப் பணத்தைப் பார்ப்பான். காலையில் பழைய வீட்டுக்காரர் எண்ணிக் கொடுப்பார். சாயங்காலத்துக்குள் புது வீட்டுக்காரர் எண்ணி வாங்கிக்கொள்வார். ஒருவர் அதை வைத்துக் கிணறு வெட்டினார். இன்னொருவர் ஆட்டோ வாங்கினார். சிறுவனாக இருந்தபோது தெருவில் அந்த ஆட்டோ போனால், "மா, நம்ம காசு போவுது" என்று கத்துவானாம்.

ஃபக்ருதீன் இறந்த பிறகு வீடுகளின் தொகை ஏறிவிட்டது. கையில் இருந்த பணத்துக்குத் தனி வீடு கிடைக்கவில்லை. மாட்டுப்பண்ணையில் வேலை செய்தவர் ஒருவரின் மனைவி வெங்கடம்மாள், தெலுங்கு பேசுகிறவர், அதே நிலையில் இருந்தார். இரண்டு பெண்களும் பணத்தைச் சேர்த்துப் போட்டு ஒரே வீட்டை எடுத்தார்கள். வீட்டுக்காரருக்கு ஒரு சந்தேகம்: திருப்பித் தருகிற நாளில் யார் கையில் தருவது? நாளைக்கு ஒருத்தி வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டால் மற்றவள் என் வீட்டு வாசலில் அல்லவா நிற்பாள்? அதற்கு வெங்கடம்மாள் ஒரு வழி சொன்னார். ஒரு துண்டின் ஒரு பக்கத்தை அவர் பிடிப்பது, மறு பக்கத்தை ஃபகருன்னிசா பிடிப்பது. பணத்தைத் துண்டின் நடுவில் வைத்துத்தான் கொடுப்பது, நடுவில் வைத்துத்தான் வாங்குவது. ஒருத்தி மட்டும் வந்தால் துண்டு நிற்காது, ஆகவே பணமும் கிடையாது. மூன்று வருடம் கழித்து அப்படியேதான் நடந்தது. அந்தத் துண்டை ரசூல் மறக்கவில்லை.

நான் இந்தக் குடும்பத்துக்குள் வந்தது சாப்பாட்டு வழியாக. ஃபகருன்னிசா, எல்லோருக்கும் ரசூலம்மா, சிப்காட்டில் வேலை செய்த கல்யாணமாகாதவர்களுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்தார். டவுன் பஸ் கண்டக்டர் பத்துப் பன்னிரண்டு கேரியர்களை ஏற்றிக்கொண்டு வந்து கேட்டில் இறக்குவார். சமையல் பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். உப்பு எப்போதும் ஒரு சிட்டிகை குறைவுதான். ஆனால் ஒரு நாளும் தவறியதில்லை. அதற்கு அவருக்கு வேண்டியிருந்தது பின்பக்கம் விறகடுப்பு போட இடமும், பஸ் நிற்கிற ரோட்டுக்குப் பக்கத்தில் வீடும். அந்த இரண்டும் இருந்த வீடு மத்திகிரியில் ஆஞ்சப்பன் வீடு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர்கள் அங்கே இருந்தார்கள். அந்த வீடு போனால் அடுப்பு போகும். அடுப்பு போனால் கேரியரும் போகும்.

ரசூல் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு நான் வேலை செய்த பிரஸ் ஷாப்பிலேயே சேர்ந்தான். கை சுமாரானதுதான். வாய்தான் ஓயாது. எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்பான். எங்கள் சூப்பர்வைசர் சென்னகிருஷ்ணன் ஒருநாள் பொறுக்க முடியாமல், "டேய், கேள்வி கேக்கறதுக்கெல்லாம் இங்க ஓவர்டைம் கிடையாதுடா" என்றார். "அப்ப ஷிப்ட்டுலயே கேட்டுக்கறேங்க" என்றான் ரசூல்.

கொரியாவிலிருந்து ஒரு மெஷின் வந்தது. அதை நிறுவிக் கொடுக்க பாக் என்ற மனிதர் வந்து சில வாரங்கள் தங்கினார். நாங்கள் எல்லோரும் அவரிடம் கேட்டது ஒன்றைத்தான்: அங்கே சம்பளம் எவ்வளவு? ரசூல் மட்டும், "உங்க வீட்டுல ஃப்யூஸ் போனா நீங்க போடுவீங்களா, ஆளக் கூப்பிடுவீங்களா?" என்று கேட்டான். பாக் சிரித்துவிட்டார். அவருடைய அண்ணன் சியோலில் சின்னப் பட்டறை வைத்திருந்தார். அந்த அழுக்கு வேலைக்கு அந்த ஊர் இளைஞர்கள் வருவதை நிறுத்தியிருந்தார்கள். பயிற்சிக்கு என்று சொல்லி வெளிநாட்டு ஆள் எடுக்கச் சட்டத்தில் இடம் வந்திருந்தது. அந்த வேலைக்குத்தான் பாக் ரசூலைக் கூப்பிட்டார். பயிற்சி என்பதால் சம்பளம் என்று சொல்ல மாட்டார்கள், உதவித்தொகை என்பார்கள். சொல் மாறினால் தொகையும் சின்னதாகிவிடும்.

ரசூலம்மா கேட்டது ஒரே கேள்வி. "அந்தூர்ல உனுக்கு யாருடா வீடு குடுப்பாங்க?"

"பட்டறையிலயே பரண் இருக்குதாம்மா."

"பரணுல பூனைதான் குடியிருக்கும்."

தொண்ணூற்று மூன்றில் அவன் போனான். பட்டறை இருந்த பேட்டைக்கு முல்லே என்று பெயர். முல்லைப் பூவை நினைத்துக்கொண்டு போனவனுக்கு அங்கே கிடைத்தது இரும்புத் துருவும் வெல்டிங் புகையும். பரணில் அவனோடு தில் பகதூர் என்ற நேபாளி இருந்தான். ரசூலின் அரைகுறை உருதும் தில் பகதூரின் இந்தியும் பாதி வழியில் சந்தித்துக்கொள்ளும். மீதிக்குக் கை இருந்தது.

அந்த நகரத்தில் விலைகளைப் பார்ப்பது அவனுக்கு ஒரு பொழுதுபோக்கானது. வாங்குவதற்கு வழியில்லாதவன் பார்ப்பதில் தாராளமாக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய கடைக்குப் போய்த் தர்பூசணியைப் பார்த்துவிட்டு வருவான். ஒரு தர்பூசணியின் விலையில் மத்திகிரியில் ஒரு ஆளுக்கு மாதக் கேரியர் போடலாம். ஒருநாள் ஒரு மாம்பழத்தைப் பஞ்சில் படுக்கவைத்து, பெட்டியில் போட்டு, ரிப்பன் கட்டியிருந்தார்கள். கிருஷ்ணகிரிக்காரனுக்கு அதைத் தாண்டிப் போக மனம் வருமா? குனிந்து முகர்ந்து பார்த்தான். வாசனையே இல்லை. கடைப்பெண்ணிடம் சைகையில் ஏன் என்று கேட்டான். அவள் ரிப்பனைச் சரிசெய்தாள்.

உதவித்தொகையில் சோறு, முட்டை, மீன், முட்டைக்கோஸ் இவை போக மீதியை அப்படியே சேர்த்தான். பன்றிக்கறியை ஒதுக்கியதால் மதியச் சாப்பாட்டில் பாதி நாள் அவனுக்கு ஊறுகாய்க் கீரையும் சோறும்தான்.

ஒருநாள் பட்டறையில் இருந்த மூத்த தொழிலாளி ஒருவர், கல்யாணத்துக்குக் காத்திருக்கிறவர், ஜொன்ஸே, ஜொன்ஸே என்று அலுத்துக்கொண்டிருந்தார். ரசூல் வழக்கம்போல, அது என்ன என்று கேட்டான். அவர் சாக்குக்கட்டியால் இரும்புத் தகட்டில் ஒரு வீடு வரைந்தார். வீட்டுக்குள் போகிற பணமூட்டை ஒன்று. இரண்டு என்று எழுதிப் பக்கத்தில் சூரியனைச் சுற்றி ஒரு வட்டம்: இரண்டு வருடம். பிறகு வீட்டிலிருந்து வெளியே வருகிற அதே மூட்டை. ரசூல் தகட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சாக்குக்கட்டியை வாங்கி, படத்துக்குக் கீழே தமிழில் ‘போக்கியம்’ என்று எழுதினான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மத்திகிரியில் நூருல்லாவின் எஸ்.டி.டி. பூத்துக்கு ரசூலின் ஃபோன் வந்தது. அப்போது நானும் அங்கே ஊருக்கு ஃபோன் போடக் காத்திருந்தேன். நூருல்லா ஆளனுப்பி ரசூலம்மாவைக் கூப்பிட்டார். அவர் கையில் மாவோடு வந்தார்.

"மா, இங்கயும் போக்கியம் இருக்குதும்மா!"

அவன் கத்தியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"என்னாது?"

"போக்கியம்! காசு குடுத்தா வீடு. வாடகை இல்ல. போறப்ப காசு திரும்ப வந்துரும்."

ரசூலம்மா ரிசீவரைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார். "அவங்களுக்கு யாருடா சொல்லிக் குடுத்தாங்க?"

"அவங்களே கண்டுபுடிச்சிக்கினாங்க போல."

"எத்தினி வருசம்?"

"ரெண்டு."

"மூணு இல்லியா? சின்ன மனசு. வெள்ளை யாரு அடிக்கணும்?"

"இங்க வெள்ளை அடிக்க மாட்டாங்கம்மா. செவுத்துல காகிதம் ஒட்டுவாங்க."

"அத யாரு ஒட்டணும்?"

"போக்கியம்னா குடியிருக்கறவங்கதான்."

"அதானே பாத்தேன். எங்க போனாலும் வீட்டுக்காரன் வீட்டுக்காரன்தான்." அவருக்கு இதில் பழைய கோபம் உண்டு. போக்கிய வீட்டுக்கு யார் வெள்ளையடிப்பது என்பதில் அவர் எல்லா வீட்டுக்காரர்களோடும் சண்டை போட்டிருக்கிறார், எல்லாவற்றிலும் தோற்றிருக்கிறார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வர்ற யுகாதிக்கு அடுத்த யுகாதி இங்க மூணு வருசம் முடியுது ரசூலு. ஆஞ்சப்பன் இப்பவே சொல்லிட்டாரு. இனிமே ரெண்டு பங்கு குடுத்தாத்தான் இருக்கலாமாம். இல்லாட்டி நம்ம காச வாங்கிக்கினு போவணுமாம்."

"நான் சேத்துத் தர்றேம்மா."

"எப்பிடிடா?"

"தர்றேம்மா."

நூருல்லா என்னைப் பார்த்து, "மீட்டரு அவனுக்குத்தான் ஓடுது. அவனே கவலப்படல" என்றார்.

அடுத்த வசந்தத்தில் தீயணைப்பு அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, பட்டறைப் பரணில் ஆள் படுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். பரணைப் பிரித்தார்கள். தில் பகதூர் இன்னொரு பட்டறையில் ஐந்து பேர் அடைந்திருந்த அறையில் ஒண்டிக்கொண்டான். பாக்கின் அண்ணன் ரசூலுக்கு ஓர் அறை பார்த்துக் கொடுத்தார். மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஒற்றை அறை. கதவைத் திறந்தால் வரிசையாகக் கறுத்த பெரிய ஜாடிகள். வீட்டுக்காரம்மா சோயாவும் மிளகாய் விழுதும் அவற்றில் புளிக்க வைத்திருந்தார். அவரை எல்லோரும் மகன் பெயரைச் சொல்லி யங்ஸூவின் அம்மா என்றே அழைத்தார்கள். சொந்தப் பெயர் கடைசிவரை ரசூலுக்குத் தெரியவில்லை. அதில் அவனுக்கு ஆச்சரியமும் இல்லை. ரசூலம்மாவின் பெயரும் மத்திகிரியில் பலருக்குத் தெரியாது.

முதலாளி, அதாவது பாக்கின் அண்ணன், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார்: "முதலில் பெரிய பணம். போகும்போது திரும்ப." பிறகு மாதம், மாதம் என்றும் ஏதோ சொன்னார். அது தண்ணீருக்கும் குளிருக்கு எரிக்கிற கரிக்கும் இருக்கும் என்று ரசூல் நினைத்துக்கொண்டான். அப்படி நினைத்ததில் அவனுக்கு ஒரு நியாயம் இருந்தது. அவர்கள் கேட்டது அவனுடைய ஒரு வருடச் சேமிப்பு முழுவதும். மத்திகிரியில் அந்தத் தொகைக்குக் கிணறும் எலுமிச்சை மரமும் உள்ள வீடு போக்கியத்துக்குக் கிடைக்கும். இவ்வளவு கொடுத்த பிறகு வாடகையும் யார் கேட்பார்கள்? வேறு எந்த ஊர்க்காரனும் முதலில் வாடகையைத்தான் கேட்டிருப்பான். அவனுக்கு அது தோன்றவே இல்லை. பணத்தைக் கொடுத்தான், குடியேறினான், நூருல்லாவின் பூத்துக்கு ஃபோன் போட்டான்.

"மா, போக்கியத்துக்கு ரூம் எடுத்துட்டேன். இனி வர்றதெல்லாம் மிச்சம். அடுத்த யுகாதிக்குள்ள உனுக்கு முழுசா அனுப்பிருவேன்."

ரசூலம்மா அன்றே ஆஞ்சப்பனிடம் போய், "நாங்க காலி பண்ணல. எம்பையன் சியோல்ல போக்கியத்துல இருக்கான்" என்று சொல்லிவிட்டார். மத்திகிரி முழுவதும் சொன்னார். எங்கள் கேரியருக்குள்ளும் அந்தச் செய்தி வந்துசேர்ந்தது: அன்று சோற்றின் மேல் ஒரு முட்டை அதிகம்.

யங்ஸூவின் அம்மா வெயில் அடிக்கிற காலைகளில் மாடிக்கு வந்து ஜாடிகளின் மூடியைத் திறந்துவைப்பார். மழை வருவதற்குள் வந்து மூடுவார். மாதம் முடிந்த அன்று வந்தவர் மூடியைத் தொடவில்லை. ஜாடிகளுக்கு நடுவில் நின்று ரசூலைப் பார்த்துக் கையை நீட்டினார். ரசூல் ஒரு மூடியை எடுத்து அந்தக் கையில் கொடுத்தான். அவர் அதைக் கீழே வைத்துவிட்டு மறுபடி கையை நீட்டினார். ரசூல் இன்னும் பெரிய மூடியாகப் பார்த்துக் கொடுத்தான்.

அவர் போய் முதலாளியைக் கூட்டிவந்தார்.

"மாதப் பணம்" என்றார் முதலாளி. "அது எங்கே?"

"மாதப் பணம் இல்லை. ஜொன்ஸே" என்றான் ரசூல்.

முதலாளி அதை யங்ஸூவின் அம்மாவிடம் சொன்னார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இந்தக் காசுக்கா ஜொன்ஸே? இந்தக் காசுக்கு ஜொன்ஸே வேண்டுமென்றால் நீ அந்த ஜாடிக்குள்தான் படுக்க வேண்டும்!"

அவன் கொடுத்தது வெறும் முன்பணம். அதற்கு மேல் மாதாமாதம் வாடகை உண்டு. வாடகை தராவிட்டால் அந்த முன்பணத்திலிருந்து கழித்துக்கொள்வார்கள். ரசூலுக்கு அது புரிய நேரமானது. புரிந்தபோது முதலில் நினைவுக்கு வந்தது யுகாதிதான். இந்த வாடகையைக் கொடுத்தால் அம்மாவுக்கு அனுப்ப எதுவும் மிஞ்சாது. கொடுக்காவிட்டால் கீழே வீட்டுக்காரம்மாவிடம் இருக்கிற தொகை மாதாமாதம் கரையும். அவன் வீட்டுப் பணம் எத்தனையோ கை மாறியிருக்கிறது. கரைந்ததை அவன் பார்த்ததில்லை.

யங்ஸூவின் அம்மாவுக்கு வேறொரு விஷயம் மனதில் தைத்துக்கொண்டது. வாடகையை விட்டுவிட்டு அதைக் கேட்டார். இந்தியாவிலிருந்து வந்தவனுக்கு ஜொன்ஸே எப்படித் தெரியும்? அது உலகத்தில் எங்கள் நாட்டில் மட்டும் உள்ளது என்றார் முதலாளி. ரசூல் தரையில் உட்கார்ந்து, மூடிகளையே வீடுகளாக வைத்து, மத்திகிரியை விளக்கினான். அந்த அம்மா அவன் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேள்வி மேல் கேள்வி கேட்டார். முதலாளி மொழிபெயர்த்துக் களைத்தார். வீட்டுக்காரன் அந்தப் பணத்தைச் செலவழித்துவிட்டால் எப்படித் திருப்பித் தருவான்?

"அடுத்து வர்றவங்க குடுக்கற காசுல" என்றான் ரசூல்.

யங்ஸூவின் அம்மா தொடையில் தட்டிக்கொண்டார். "அதேதான்! இங்கேயும் அதேதான்!"

அடுத்து வருகிறவர் வராவிட்டால்? இருவரும் ஒரே மாதிரி கையை விரித்தார்கள். கடலுக்கு இரண்டு பக்கமும் இதே ஏற்பாட்டை மனிதர்கள் தனித்தனியாக யோசித்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் விளங்காத ஒன்று. பணமே இல்லாதவர்களுக்கு அல்ல, கொஞ்சமாக, ஒரே ஒரு முறை மட்டும் பணம் பார்த்தவர்களுக்குத்தான் இது தோன்றியிருக்க வேண்டும்.

பேச்சு முடிந்ததும் யங்ஸூவின் அம்மா எழுந்து, மறுபடி கையை நீட்டினார். ஆச்சரியம் வேறு, வாடகை வேறு. ரசூல் அந்த மாதப் பணத்தைக் கொடுத்தான். ஆனால் போகும்போது அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்: யங்ஸூ கல்லூரியில் சேர்ந்திருக்கிறான், தனக்கும் மாதக் காசைவிட மொத்தப் பணம்தான் வேண்டும், இதே அளவு இன்னொரு பங்கு கொண்டுவந்தால் ஜொன்ஸேயாக மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொரு பங்கு. அதற்கு இன்னொரு வருடம் ஆகும், யுகாதி நிற்காது. ரசூல் இரண்டு நாள் லேத்தில் நின்றபடி அதையே யோசித்தான். ஒரு வருடச் சேமிப்பு இன்னொருவனிடமும் இருக்கிறது என்பது மூன்றாம் நாள் சாப்பிடும்போது நினைவுக்கு வந்தது. எதிரில் உட்கார்ந்து சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தான் தில் பகதூர்.

"என் காசை உன் ரூமில் போடுவதா?" என்றான் தில் பகதூர். "உன்னோடது நல்ல யோசனைதான் பாய். உனக்கு."

"நம்ம ரூம். நீயும் வந்துரு. இப்ப அஞ்சு பேரு காலுக்கு நடுவுல படுத்திருக்க."

"நான் கண்டாமுண்டா சாமானோடு உன் வாசலில் நின்று என் காசைக் கேட்டால், யங்ஸூவின் அம்மா என்னை யாரென்று கேட்பாள்."

அதையேதான் யங்ஸூவின் அம்மாவும் கேட்டார். இருவரும் முதலாளியைக் கூட்டிக்கொண்டு மாடியில் போய் நின்றபோது அவர் தில் பகதூரை மேலும் கீழும் பார்த்தார். அண்ணன் தம்பியா? இல்லை. ஒரே நாடா? இல்லை. ஒரே சாமியா? அதுவும் இல்லை. இங்கே யாரும் இப்படிச் சேர்ந்து ஜொன்ஸே எடுப்பதில்லை என்றார். இரண்டு வருடம் கழித்து நான் யார் கையில் கொடுப்பேன்? ஒருவன் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டால் மற்றவன் என் ஜாடியையல்லவா உடைப்பான்?

பத்து வருடத்துக்கு முன்னால் மத்திகிரியில் கேட்ட அதே கேள்வி. ரசூல் கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து ஒரு பக்கத்தைத் தில் பகதூரிடம் கொடுத்தான். மறுபக்கத்தைத் தான் பிடித்தான். நடுவில் ஒரு மூடியை வைத்தான். பிறகு தில் பகதூரின் கையிலிருந்து அவன் முனையை உருவினான். மூடி தரையில் விழுந்து உருண்டது. மறுபடி எடுத்து வைத்து, இந்த முறை தன் முனையை விட்டான். மறுபடி உருண்டது.

முதலாளி வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா கையை உயர்த்தி நிறுத்தினார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அவர் முகம் சுளித்தது துண்டைப் பார்த்து. அதில் ஒரு வாரத்து எண்ணெய் இருந்தது. கீழே போய், பெட்டியிலிருந்து ஒரு புதுத் துண்டைக் கொண்டுவந்தார். யாரோ ஒருவருடைய அறுபதாம் பிறந்தநாளுக்குக் கொடுத்தது என்று அதில் அச்சடித்திருந்தது. அந்தத் துண்டில்தான் தில் பகதூரின் ஒரு வருடம் வைக்கப்பட்டது. ரசூலின் ஒரு வருடம் ஏற்கெனவே கீழே இருந்ததால் அவன் தன் முனையில் சும்மா நின்றான்.

யங்ஸூவின் அம்மாவைத் தாராள குணம் உள்ளவர் என்று நான் எழுத மாட்டேன். தொகை இன்னும் கொஞ்சம் குறைகிறது என்று சொல்லி, அதற்கு ஈடாகக் குளிர்காலம் முழுவதும் கீழ் வீட்டுக்குக் கரிக்கட்டி சுமந்து தருவதையும், படிகளில் பனி தள்ளுவதையும் அவர்கள் தலையில் கட்டினார். சுவருக்குக் காகிதம் ஒட்டும் செலவும் இப்போது அவர்களுடையது. ரசூல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். மாதம் முடிந்து அவர் மாடிக்கு வந்தபோது ரசூல் தானாகவே ஒரு மூடியை எடுத்து நீட்டினான். அவர் சிரித்துக்கொண்டே வாங்கி ஜாடியை மூடினார்.

அந்த வார ஃபோனில்தான் அவன் தன் அம்மாவிடம் நடந்ததை எல்லாம் சொன்னான்.

"வாடகையா? போக்கியம்னு ஊரெல்லாம் சொல்லிட்டேனேடா!"

"இப்ப போக்கியம்தான்மா. துண்டு புடிச்சிக் குடுத்தோம்."

"எந்தத் துண்டு? நீ மூஞ்சி தொடைக்கிற துண்டா?"

"அந்தம்மா புதுசு குடுத்தாங்க."

"மானத்தக் காப்பாத்தினா மவராசி" என்றார் ரசூலம்மா. அதற்குப் பிறகு தில் பகதூர் என்ன சாப்பிடுவான், ராத்திரி குறட்டை விடுவானா என்று அவன் காசு தீரும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

தொண்ணூற்று ஐந்தின் யுகாதி வந்தது. ரசூல் அனுப்பிய பணம் வரவில்லை. அனுப்பியாகிவிட்டது, வங்கியில் எங்கோ நடுவில் நிற்கிறது என்றார்கள். யுகாதியன்று காலையில் ஆஞ்சப்பன் வேப்பம்பூ வெல்லத்தோடு வந்தார். இனிப்பும் கசப்பும் கொடுத்துவிட்டு, "என்னா ரசூலம்மா, காசு வந்துச்சா? குடி வர்றதுக்கு ஆள் நிக்குது" என்றார்.

"வருது. உக்காருங்கண்ணா."

"சியோல்ல போக்கியம்னு சொல்லிக்கினு திரியறீங்களாமே. பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

"பொய்யா? அந்தம்மா மொட்டமாடியில எத்தினி ஜாடி வெச்சிருக்கா தெரியுமா உங்களுக்கு?"

ஆஞ்சப்பன் உட்கார்ந்தார். அவரும் வீட்டுக்காரர்; இன்னொரு நாட்டு வீட்டுக்காரர் எப்படி நடந்துகொள்கிறார் என்று தெரிந்துகொள்ள ஆசை இருக்காதா? ரசூலம்மா அன்று ஜாடிகளையும் மூடியையும் மட்டும் சொன்னார். அடுப்பில் வேலை இருக்கிறது என்று எழுந்துவிட்டார். மறுநாள் ஆஞ்சப்பன் பணம் கேட்க வந்து, "அப்புறம், வாடகை குடுத்தானா இல்லியா?" என்று கேட்டார். அன்று தில் பகதூர் வரை போனது. அதற்கு அடுத்த நாள் அவர் பணத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. "நேபாளத்தான் ஒத்துக்கினானா?" என்றுதான் கேட்டார்.

நாலாம் நாள் பணம் வந்தது. அன்று சாயங்காலம் நான் என் கேரியரைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். ஆஞ்சப்பன் நாற்காலியில் இருந்தார். ரசூலம்மா வங்கியிலிருந்து எடுத்துவந்த பணத்தோடு நடுக்கூடத்தில் நின்றார். வெளுத்த துண்டு ஒன்று அவர் தோளில் இருந்தது. என்னைப் பார்த்ததும், "ஏம்பா, கைய நல்லா தொடைச்சிக்கினு இந்த முனையப் புடி" என்றார்.

"நானா?"

"அவன் காசு இது. அவன் பக்கம் ஒரு ஆள் வேணும்."

நான் பிடித்தேன். மறுமுனையை அவர் பிடித்தார். பணத்தை நடுவில் வைத்தபோது துணி லேசாகத் தொய்ந்தது. நான் பதறி இழுத்துவிட்டேன். "இழுக்காத. அது எங்கயும் போவாது" என்றார்.

ஆஞ்சப்பன் எடுத்து எண்ணினார். முடித்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டு, எழாமல் உட்கார்ந்திருந்தார்.

"ரசூலம்மா, ஒண்ணு கேக்கணும். அந்தூர்ல போக்கியம் எடுத்தா செவுத்து வேலை யாருது? குடியிருக்கறவங்களா, வீட்டுக்காரங்களா?"

எனக்கு பதில் தெரியும். காகிதம் ஒட்டியது ரசூலும் தில் பகதூரும்தான். பசை கையில் ஒட்டிப் போகவில்லை என்று அவன் ஃபோனில் புலம்பியதை நான் கேட்டிருந்தேன்.

"வீட்டுக்காரங்கதான்" என்றார் ரசூலம்மா, துண்டை உதறி மடித்துக்கொண்டே. "அங்கெல்லாம் அத கேக்கவே வேணாம். அவங்களே வந்து அடிச்சிக் குடுத்துட்டுப் போவாங்க."

ஆஞ்சப்பன் சுவரை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். அடுத்த வாரம் சுண்ணாம்பு வந்து இறங்கியது.